ஆறு நிறமும் பதினாறு வகையும்

மனிதரைக் குணம்பார்த்து வகை பிரிப்பது மேல்நாட்டுப் புதுச்சரக்கு என்றே நம்மவர் பலர் நினைக்கிறார்கள். சிரவணபெளகொளாவில் பாகுபலி சிலையை நிறுவிய சாமுண்டராயரின் குரு நேமிசந்திரர், 10-ஆம் நூற்றாண்டிலேயே கோம்மடசாரம் என்னும் பிராகிருத நூலில் இதை விரித்திருக்கிறார். உயிரின் குணநிலை ஆறு நிறம். லேஸ்யை என்று பெயர். பழம் தின்ன வந்த ஆறு பேரில் கருநிறத்தான் மரத்தை வேரோடு சாய்க்க நினைக்கிறான். அடுத்தவர்கள் அடிமரம், கிளை, சிறுகிளை, பழம் என்று இறங்கி வருகிறார்கள். வெண்ணிறத்தானுக்கு உதிர்ந்த பழமே போதும். மணிமேகலையிலும் ஆசீவகர் கொள்கையாக அறுநிறப் பிறப்பு வருகிறது.

யுங் 1921-இல் வெளியிட்ட நூலை அடியொற்றி, அமெரிக்காவில் காதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மையர்ஸும் மனிதரைப் பதினாறு வகையாக்கினர். அடுகோடிப் பக்கம் கம்பெனிப் பிள்ளைகள் வாயில் இன்று அடிபடுவது இதுதான். "எனக்கு உள்முகம்னு வந்திருக்குப்பா, நாலு பேரோட பேசுற வேலை ஒத்துவராது" என்கிறாள் என் மகள்.

1948-இல் ஃபோரர் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 39 மாணவருக்குச் சோதனை வைத்து, எல்லோருக்கும் ஒரே குறிப்பையே முடிவாகக் கொடுத்தார். பெரும்பாலும் கடைத்தெரு ஜோதிடப் புத்தகத்தில் எடுத்தது! தனக்கென்றே எழுதியதாக நம்பி, சராசரியாக 5-க்கு 4.26 மதிப்பெண் போட்டார்கள்.

லேஸ்யையோ மாறாத முத்திரை அல்ல. சினம், செருக்கு, வஞ்சம், பற்று நான்கும் குறையக் குறைய நிறம் வெளுக்கும். என் கடையில் வாயே திறக்காமல் சேர்ந்த பையன்தான் இன்று கல்லாவில் உட்கார்ந்து வாடிக்கையாளரிடம் கலகலவென்று பேசுகிறான். ஒரு தாளைப் பார்த்துப் படிப்பையோ வேலையையோ வரனையோ தள்ளிவிட வேண்டாம்.