கல்லும் ஓலையும் கைப்பேசியும்

திருவொற்றியூர் ஆதிபுரீசுவரர் கோயிலுக்கு வழிபடச் செல்வோர் பலர். அதன் கற்சுவர்களைப் படிக்கச் செல்வோர் சிலர். முதலாம் இராசேந்திர சோழன் காலக் கல்வெட்டுகள் அங்கு உள்ளன. பழங்கல்வெட்டுகளை நோக்குவோர்க்கு ஓர் உண்மை புலப்படும். சொல் முடியட்டும் என்று கல்தச்சன் காத்திருப்பதில்லை. இடம் முடிந்ததும் எஞ்சிய எழுத்தை அடுத்த வரியில் தொடர்கிறான். இடத்திற்கு எழுத்து இசைந்து கொடுக்கிறது.

ஓலையிலும் இதுவே முறை. ஓலைக்கு ஓலை நீள அகலம் வேறுபடும். அதற்கேற்ப வரிகளும் கூடும், குறையும். கயிறு கோக்கும் துளையைச் சுற்றி இடம் விட்டனர். செய்யுளையும் அடி பிரிக்காமல் எழுதினர். ஓலை கிழியும் என்றஞ்சிப் புள்ளியையும் விட்டனர். இச்சிக்கனத்தின் சுமை படிப்பவர்மேல் விழுந்தது; பதம் பிரிக்கப் புலவர் துணை தேவைப்பட்டது. குறைத்தலெல்லாம் எளிமை ஆகாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அச்சு வந்தபோது சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. செர்மனியின் ஹாலே நகரில் வார்த்து 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் எழுத்துகள் அளவிற் பெரியவை, தாளை விழுங்கின. ஆதலின் இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715-இல் புதிய ஏற்பாட்டின் அச்சுப்பணி நிறைவுற அவை துணை நின்றன. பின்னர் 1761-இல், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடமிருந்து ஆங்கிலேயர் கைப்பற்றிய அச்சுப்பொறி நம் பகுதிக்கு அணித்தான வேப்பேரியில் பெப்ரீசியசின் பொறுப்பில் வந்தது. 1862-இல் வின்சுலோவின் தமிழ்-ஆங்கில அகராதியைச் சென்னையில் அச்சிட்ட ஹண்ட், சிறிய எழுத்தும் தெளிவாக இருக்கக்கூடும் என்று காட்டினார். ஆறுமுக நாவலர் போன்றோர் பதிப்புகளில் நிறுத்தக்குறிகள் இடம்பெற்றன. சொற்களுக்கிடையே விடப்பட்ட வெற்றிடம் வீண் அன்று; வாசகனுக்கு அளித்த கொடை.

கணினித் திரையில் இவ்வரலாறு மீண்டும் நிகழ்ந்தது. ஒருவர் பயன்படுத்திய எழுத்துரு மற்றவரிடம் இல்லையேல் தமிழ் வெறுங்கிறுக்கலாகத் தோன்றிய காலம் உண்டு. குறியீட்டையும் விசைப்பலகையையும் ஒழுங்குபடுத்த 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடியது. பின்னர் ஒருங்குறி பரவியது. 2010-இல் ஈத்தன் மார்க்காட் என்னும் அமெரிக்க வடிவமைப்பாளர், திரையின் அகலத்திற்கேற்பப் பக்கம் தானே தகவமையவேண்டும் என்ற நெறியை ஒரு கட்டுரையில் வகுத்தார். ஓலை எழுதியவர் கைப்பழக்கத்தால் செய்ததை இங்குக் கணினிக் கட்டளை செய்கிறது.

நம் வட்டத்தின் பத்தாண்டுப் படைப்புகளை இணையத்தில் ஏற்ற முனைந்தபோது இதனை நான் உணர்ந்தேன். இளைய உறுப்பினர் ஒருவர் எளிய பக்கம் ஒன்றை அமைத்தார். நானோ தலைப்பில் கோபுர ஓவியமும் இருமருங்கும் பூவேலையும் வேண்டும் என்று வற்புறுத்தினேன். துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் கைப்பேசியில் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, ஒரு வரிக்கு மூன்று முறை விரலால் இழுக்கிறேன். படிப்பது நானா, விரலா?" என்றார். தம் கட்டுரையையே அவர் பாதியில் நிறுத்திவிட்டார் என்று அறிந்தபோது நாணினேன்.

ஓவியமும் பூவேலையும் நீங்கின. வேறொரு தோழியார், மேல்வரியின் கீழ்விலங்கு அடுத்த வரியின் மேல்விலங்கோடு மோதுகிறது என்றார், வரியிடைவெளியைக் கூட்டினோம். இரு ஓரமும் ஒழுங்காக நிற்கவேண்டும் என்று வைத்த அமைப்பு, நீண்ட தமிழ்ச் சொற்களால் குறுகிய திரையில் பெரும் இடைவெளிகளை உண்டாக்கியது. வலப்புற ஓரத்தை அதன் போக்கில் விட்டோம். பெரியவர் மறுபடியும் படித்தார். இம்முறை இறுதிவரை படித்தார்.

எதை நீக்குவது, எதை விடுவது என்பதை வடிவமைப்பவர் மட்டும் தீர்மானித்தல் இயலாது. கல்தச்சனைக் கேட்க அன்று வாசகனுக்கு வாய்ப்பில்லை. இன்று உண்டு. பத்தாண்டு கண்ட நம் வட்டம் இனி வெளியிடும் ஒவ்வொரு பக்கத்தையும் முதலில் ஒரு முதியவரின் கைப்பேசியில் காட்டிவிட்டு வெளியிடுமாக!