ஒரு தையல் இயந்திரத்தின் இடப்பெயர்வு

அம்மாவின் அந்தியேட்டி முடிந்த மறுநாள், திருகோணமலை டொக்யாட் வீதிக்கு அண்மையிலுள்ள எங்கள் வீட்டில் உடன்பிறந்தோர் மூவரும் கூடியிருந்து பொருள்களைப் பங்கிட்டோம். நகைக்கும் காணி உறுதிக்கும் வெண்கலப் பாத்திரங்களுக்கும் உரியவர்கள் உடனே கிடைத்தார்கள். வளைந்த மரமூடிக்குள் இருந்த சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் எவரும் கைநீட்டவில்லை. ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த அக்கா விமானப் பொதியின் எடையைச் சொன்னார். கொழும்பில் தொடர்மாடியில் வாழும் தம்பி இடமின்மையைச் சொன்னான். அது 2022ஆம் ஆண்டின் மார்ச் மாதம்.

செய்தித்தாளில் முப்பது ஆண்டுகள் பிறருடைய வரலாற்றை எழுதியவன் நான். என் வீட்டு மூலையில் இருந்த வரலாற்றை அன்றுதான் துணி விலக்கிப் பார்த்தேன்.

இயந்திரத்தின் அடித்தட்டில் பொறிக்கப்பட்டிருந்த இலக்கம் ‘வை’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கியது. அவ்வெழுத்து, ஸ்கொத்லாந்தின் கிளைட்பாங்க் நகரிலிருந்த கில்பவி தொழிற்சாலையில் 1921க்கும் 1935க்கும் இடையில் செய்யப்பட்டவற்றுக்கு உரியது. 1885இல் இயங்கத் தொடங்கிய அத்தொழிற்சாலையில், 1911ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது ஏறத்தாழ 11,000 பேர் பணிபுரிந்தார்கள். அங்கு செய்யப்பட்டவை கப்பலேறி உலகெங்கும் சென்றன. இலங்கையில் சிங்கர் நிறுவனம் 1877ஆம் ஆண்டிலேயே கால்பதித்துவிட்டது.

தையல் இயந்திரத்தைக் கண்டுபிடித்தவர் சிங்கர் என்றே பலரும் எண்ணுகிறோம். அது முழு உண்மையன்று. இருநூல் பூட்டுத் தையலுக்கு எலியாஸ் ஹோ 1846இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றிருந்தார். ஐசக் சிங்கர் தமது மேம்பட்ட வடிவத்துக்குக் காப்புரிமை பெற்றது 1851இல். ஹோ தொடுத்த வழக்கில் தோற்று, அவருக்கு உரிமைத்தொகையும் செலுத்த நேர்ந்தது. ஆயினும் சிங்கரின் பெயரே நிலைத்தது. அதற்கு ஒரு முக்கிய காரணம் அவருடைய பங்காளி எட்வர்ட் கிளார்க் 1856இல் புகுத்திய தவணைமுறை விற்பனை. ஒரே தடவையில் முழு விலையையும் கொடுக்க இயலாத குடும்பங்களுக்கு அது கதவைத் திறந்துவிட்டது. இயந்திரங்களை ஐயுறவோடு நோக்கிய காந்தியடிகளும் 1924இல் சிங்கர் தையல் இயந்திரத்துக்கு மட்டும் விதிவிலக்கு அளித்துப் பேசினார் என்பதை வாசகர்கள் அறிந்திருக்கக்கூடும்.

அந்தத் தவணைக் கதவின் வழியாகவே எங்கள் வீட்டுக்குள்ளும் அது வந்தது. கடற்படைத் தளத்தில் கூலியாக இருந்த அம்மப்பாவின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் எடுத்துவைத்து, அம்மம்மா கடனைக் கட்டி முடித்தாராம்.

1941 மார்ச்சில் ஜெர்மானிய விமானங்கள் கிளைட்பாங்க் மீது இரண்டு இரவுகள் குண்டுமாரி பொழிந்தன. தொழிற்சாலையின் மரக்கிடங்கு எரிந்தது. அடுத்த ஆண்டு, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தையும் சீனக்குடாவையும் தாக்கின. விமானந்தாங்கிக் கப்பலான ‘ஹேர்மிஸ்’ மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டதும் அன்றுதான். பிறந்த ஊரிலும் புகுந்த ஊரிலும் குண்டு விழுந்த இயந்திரம் எங்களுடையது. அம்மம்மா அதை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தம்பலகாமத்துக்குப் போனது அதன் முதலாவது இடப்பெயர்வு.

1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துவிட்டுப் போயினர். அம்மப்பாவின் வேலையும் அதனோடு போயிற்று. அதற்குப் பின்னர் அந்தக் குடும்பத்துக்குச் சோறு போட்டது இந்தக் கைச்சக்கரமே. 1990 யூனில் மீண்டும் போர் மூண்டபோது நாங்கள் கையில் அகப்பட்டதோடு ஓடினோம். அயலிலிருந்த முஸ்லிம் குடும்பம் ஒன்று இயந்திரத்தைத் தம் வீட்டில் வைத்துக் காத்தது. திரும்பி வந்தபோது எண்ணெயிட்டுத் துடைத்துத் தந்தார்கள்.

இத்தகைய பொருளை யாரிடம் ஒப்படைப்பது? பழம்பொருள் வணிகர் ஒருவர் நல்ல விலை கேட்டார். நிலாவெளிப் பக்கத்து விடுதியின் வரவேற்பறையில் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைப்பதற்காம். பணத்தாசை எனக்கும் எழுந்தது, மறைப்பதற்கில்லை. ஆனால் அந்த மாத இறுதியில் நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலங்களைத் தொட்டது. எங்கள் தெருவில் மோட்டார் பூட்டிய தையல் இயந்திரங்கள் ஊமையாகிக் கிடந்தன. எவரும் கேளாத கைச்சக்கரம் அப்போதுதான் என் கண்ணுக்குக் கருவியாகத் தெரிந்தது.

நண்பர் ஒருவர் சம்பூரில் உள்ள ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். 2006 ஏப்ரலில் அவ்வூர் மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலர் மட்டக்களப்பு முகாம்களிலும் பின்னர் கிளிவெட்டியிலும் ஆண்டுக்கணக்கில் தங்கி, 2015இலும் 2016இலுமே தம் காணிகளுக்குத் திரும்பினார்கள். அவர்களுள் அவரும் ஒருவர், கணவரை இழந்தவர், தையலே தொழில்.

எரிபொருள் கிடைக்காத நாள்கள் அவை. இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். 2009இல் திறக்கப்பட்ட கிண்ணியாப் பாலத்தைக் கடக்கையில், முன்பு அவ்விடத்தில் படகுப்பாதைக்குக் காத்து நின்ற நேரங்கள் நினைவுக்கு வந்தன.

அவர் மூடியைத் திறந்து பார்த்தார். மகிழ்ச்சி எதுவும் முகத்தில் தோன்றவில்லை.

“ஐயா, ஒரு கையால சுத்தினா மற்றக் கையாலதானே துணி பிடிக்கோணும். வேலை சுணங்கும்” என்றார். பிறகு நாடாவைக் கழற்றினார். “இது நீட்டுப் பொபின். கடையில விக்கிற வட்டப் பொபின் இதுக்குப் போகாது. எத்தினை இருக்கு?”

மூன்று இருந்தன. இழுப்பறைக்குள் அம்மா பஞ்சு சுற்றி வைத்திருந்தார். அவற்றைக் கையில் வாங்கிய பின்னரே அவர் என்னை இருக்கச் சொன்னார்.

“உங்கட பழைய மெசின் என்னானது, பிள்ளை?”

“போகேக்க வீட்டுக்குப் பின்னால தாட்டுப்போட்டுப் போனனான். வந்து பாத்தா வீடே இல்லை. எது பின்பக்கம் எண்டு தெரியேல்லை, ஐயா. மூண்டு இடத்தில கிண்டிப் பாத்தனான்.”

அதற்கு மறுமொழி கூற எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு பழந்துணியை ஊசிக்கடியில் வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். தையல் நேராக விழுந்தது. அம்மாவின் பகற்பொழுதுகளில் நான் கேட்டுத் தூங்கிய ஓசை அது. எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன்.

கில்பவி தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டுவிட்டது. அதைச் செய்த கைகளுள் ஒன்றும் இன்று இருக்கப்போவதில்லை. சில மாதங்களின் பின் அந்தப் பெண் தொலைபேசியில் அழைத்தார். நன்றி சொல்வதற்கு அல்ல. பாடசாலைச் சீருடைத் துணிகள் தைக்க வந்திருப்பதாகவும், பொபின் ஒன்று வளைந்துவிட்டதாகவும், இன்னொன்று எங்காவது அகப்படுமா என்றும் கேட்டார்.

திருகோணமலையின் பழைய தையற்கடைகளில் தேடிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு இழுப்பறைகளையும் ஒருமுறை பாருங்கள்.