மன்றத்துக்கு ஒரு குடமுழுக்கு

காஞ்சி மக்களுக்குக் குடமுழுக்கு புதிதன்று. கோபுரம் வெடித்தால் கொடையாளர் வருவர். மதில் சரிந்தால் மடாதிபதிகள் பதறுவர். ஆனால், மக்கள் கூடிப் பேசிய மன்றம் பாழ்பட்டால் பதறுவோர் யார்?

சென்னை சென்ட்ரல் நிலையத்தருகே, ரிப்பன் மாளிகையை அடுத்து நிற்கிறது, செங்கல்லால் எழுந்த விக்டோரியா பொது மண்டபம். 1883-இல் ஆந்திரத்து விஜயநகரம் மகாராஜா அடிக்கல் நாட்டினார். சிஷோம் வரைந்தார், நம்பெருமாள் செட்டியார் கட்டினார். சமஸ்தானாதிபதிகளும் செல்வரும் பொருள் தந்தனர். 1887-இல் பொன்விழாக் கண்ட அரசியின் பெயரைச் சூட்டினர். ஏழைக்காக எழுந்த மாளிகை என்று நாம் கதை கட்டவேண்டியதில்லை.

எனினும், பிறப்பைக் கேட்டுக் கோயில் வாயிலிலே மனிதரை நிறுத்திய காலம் அது. சென்னை மாகாணத்தில் 1947-இல்கூட ஆலயப் பிரவேசச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது! மண்டபத்துக்குள் நுழைவதை எந்தச் சாத்திரமும் தடுக்கவில்லை. அங்கேதான் 1916 நவம்பர் 20-ஆம் நாள் நடேசனார், தியாகராயர், டி.எம். நாயர் முதலானோர் கூடித் தென்னிந்திய நலவுரிமைச் சங்கம் கண்டனர் என்று இயக்க வரலாறு கூறும். அச்சங்கம் 1920-இல் ஆட்சி ஏறிற்று. 1921-இல் பெண்டிர்க்கு வாக்குரிமை வந்தது. பின்னர்ப் பனகல் அரசர் கொண்டுவந்த அறநிலையச் சட்டம், கோயில் வருமானத்துக்குக் கணக்குக் கேட்டது. மண்டபத்தில் பிறந்த பேச்சு, மதிலுக்குள்ளும் புகுந்தது!

பேச இடமிருந்தால் போதுமா? 1925 நவம்பரில் நம் காஞ்சியிலேயே காங்கிரஸ் மாநாடு கூடிற்று. பந்தல் பெரிது; ஆனால் பெரியாரின் வகுப்புரிமைத் தீர்மானத்துக்கு அங்கே இடமில்லை. அவர் வெளியேறினார், வரலாறும் அவருடன் வெளியேறிற்று.

பல்லாண்டு பூட்டிக் கிடந்த சென்னை மண்டபத்தை, 32 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டத்தில் சீரமைக்க 2023-இல் மாநகராட்சி முனைந்தது. வரவேற்கிறோம். பழஞ்செங்கற் சுவருக்குச் சுண்ணாம்புக் காரையே ஏற்றது. சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல்லை அரிக்கும். சுவர் மூச்சுவிடக் காரை வேண்டும். மன்றம் மூச்சுவிடப் பேச்சு வேண்டும். செல்வர் மட்டுமே தரக்கூடிய வாடகை வைத்தால், சாத்திரம் செய்யாத தடையைப் பணம் செய்துவிடும். நெசவாளியின் மகனும் மகளும் மேடையேறி, ஆள்வோரையே கேள்வி கேட்கும் நாள்தான் அம்மண்டபத்தின் குடமுழுக்கு!

காஞ்சித் தறிகாரர் அறிவர்: தறியைத் துடைத்து வைத்தால் மட்டும் சேலை வாராது. பாவும் ஊடையும் ஏறவேண்டும், தோழர்களே!