நீர்வேலியிலிருந்து தைப்பிங்வரை: மலாயாப் பயணவழிகளும் யாழ்ப்பாண மத்தியதர வர்க்கமும்

யாழ்ப்பாணத்துக் கிராமங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் 'மலாயாப் பென்சனியர்' பற்றிக் குறிப்பிடத் தவறுவதில்லை. அவர் கட்டிய கல்வீடு, கோயிலுக்கு அளித்த கொடை, மகளுக்குக் கொடுத்த சீதனம் ஆகியன விரிவாகவே பேசப்படுகின்றன. ஆயின் அவர் எவ்வழியாக மலாயாவை அடைந்தார், அவ்வழியை யார் எதற்காகத் திறந்துவிட்டனர், பயணச்சீட்டுக்கான பணம் எங்கிருந்து வந்தது, அதே ஊரில் கப்பலேற இயலாது நின்றோர் யாவர் என்னும் வினாக்கள் பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. போக்குவரத்து என்பது பொறியியலாளருக்குரிய விடயம் என்ற எண்ணமே இதற்குக் காரணம் போலும். பாதையும் கப்பலும் புகையிரதமும் மனிதரைச் சுமந்து செல்வதோடு அமையாது அவர்களை வகைப்படுத்தவும் செய்கின்றன என்பதே எமது கருத்து. இதனை நீர்வேலி என்னும் கிராமத்தை நோக்குநிலையாகக் கொண்டு ஆராய்வோம்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியில், கோப்பாயைக் கடந்ததும் வருவது நீர்வேலி. நகரிலிருந்து ஏறக்குறைய ஆறு மைல் தூரம். செம்மண் நிலம், கிணற்று நீரை நம்பிய தோட்டச் செய்கை. வாழைக்குப் பெயர்பெற்ற இவ்வூரிற் கடலோ துறைமுகமோ இல்லை. கடலோடிகளின் ஊராகிய வல்வெட்டித்துறைக்குப் பாய்க்கப்பல் மரபு உண்டு. நீர்வேலிக்கு அது இல்லை. எனவே இத்தகைய தோட்டக் கிராமத்து இளைஞன் வங்காள விரிகுடாவைக் கடந்தமைக்குக் கடல்சார் மரபினைக் காரணமாகக் காட்டுதல் பொருந்தாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இப்பிரதேசத்துக் கற்றோரின் பார்வை வடக்கு நோக்கியே இருந்தது. நீர்வேலிச் சங்கரபண்டிதர் (1829–1870) வடமொழியும் தமிழுங் கற்றுச் சைவப் பணியில் ஈடுபட்ட தலைமுறையைச் சேர்ந்தவர். அதே வீதியில் அடுத்த ஊராகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, பாக்கு நீரிணையைக் கடந்து சென்னை சென்று 1857இற் பல்கலைக்கழகப் பட்டம் பெற்றார். அக்காலத்துக் கடற்பயணம் புலமையையும் அச்சுக்கூடத்தையும் நாடிய பயணம். அடுத்த தலைமுறையினரோ கிழக்கே திரும்பினர். இத்திருப்பத்தை யாழ்ப்பாணத்தானின் இயல்பான கல்வி வேட்கை, சிக்கனம், முயற்சி ஆகியவற்றால் விளக்குவது எம்மவர் வழக்கம். தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் இவ்விளக்கம் வரலாறாகாது.

1874இல் பங்கோர் உடன்படிக்கையின் பின் பேராக்கில் பிரித்தானியர் காலூன்றினர். அவர்களை ஈர்த்தது ஈயம். சுரங்கத்திலிருந்து ஈயத்தைக் கடற்கரைக்குக் கொணர்வதற்காகவே முதற் புகையிரதப் பாதை அமைந்தது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் வரையான ஏறத்தாழ எட்டு மைல் நீளமுள்ள அப்பாதை 1885 யூன் மாதம் திறக்கப்பட்டது. அதனை அமைப்பதற்கு இலங்கையிலிருந்தே 'பயனியர்' தொழிற்படைப் பிரிவுகள் கொண்டுசெல்லப்பட்டன. மறு ஆண்டிற் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரைக்கும், 1891இற் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கும் பாதைகள் வந்தன. இவற்றைத் தேசப்படத்திற் பார்க்கும் எவருக்கும் ஒன்று புலனாகும்: தொடக்கத்தில் இவை ஊரோடு ஊரை இணைக்கவில்லை, சுரங்கத்தோடு துறைமுகத்தையே இணைத்தன.

பாதை போட்டால் மட்டும் போதாது. சீட்டு எழுதவும் சரக்குக் கணக்கு வைக்கவும் தந்தி அனுப்பவும் ஆங்கிலம் அறிந்த, மலிவான ஊழியர் தேவை. இலங்கையிற் பணியாற்றிய பின் மலாயா சென்ற அதிகாரிகள் இத்தேவையை எங்கே நிறைவுசெய்யலாம் என அறிந்திருந்தனர். பேராக்கின் முதல் 'ரெசிடென்ற்' ஆகிய பேர்ச் இலங்கைச் சேவையிலிருந்து சென்றவர். இலங்கைப் பொதுவேலைப் பகுதியிற் பணியாற்றிய ஸ்பூனர் என்பார் சிலாங்கூரின் அரசாங்கப் பொறியியலாளராகிப் பின்னர் 1901இல் ஐக்கிய மலாய் நாடுகளின் புகையிரதப் பகுதிக்குப் பொது முகாமையாளரானார். யாழ்ப்பாணத்தவரைப் பெருமளவிற் சேவைக்கு அழைத்தவர் அவர். மிசன் பாடசாலைகளும் அவற்றுக்குப் போட்டியாக எழுந்த சைவப் பாடசாலைகளும் உருவாக்கிய ஆங்கிலம் கற்ற இளைஞருக்கு யாழ்ப்பாணத்தில் உத்தியோகம் இல்லை. மலாயாவில் உத்தியோகத்துக்கு ஆள் இல்லை. இரண்டையும் இணைத்தது ஒரே பேரரசு.

இனிப் பயணவழி. தொடக்கத்தில் இரு வழிகள் இருந்தன. ஒன்று, வடகரைத் துறையொன்றிலே தோணியேறி நாகபட்டினம் சென்று, அங்கிருந்து பினாங்கு செல்லும் நீராவிக் கப்பலிற் பயணஞ்செய்தல். மற்றையது, கரையோரக் கப்பல் மூலமோ வன்னிக் காட்டினூடான தரைவழியிலோ கொழும்பை அடைந்து கப்பலேறுதல். தரைவழி இலேசானதன்று, 1880இல் மாத்தளை வரையே புகையிரதம் வந்திருந்தது. காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902இற் புகையிரதம் ஓடத்தொடங்கி, 1905 ஓகஸ்ட் மாதம் கொழும்புவரை பாதை தொடர்ச்சி பெற்றபின்னரே இந்நிலை மாறியது. நீர்வேலி இளைஞன் மாட்டு வண்டியில் யாழ்ப்பாண நிலையத்தை அடைந்தால், தொடர்ந்து கொழும்புத் துறைமுகம் வரை இரும்புப்பாதை. அங்கிருந்து நான்கைந்து நாட்களிற் பினாங்கு. பினாங்குத் தீவின் ஜோர்ஜ் ரவுணில் 1907இல் எழுந்த நிலையக் கட்டடம் விசித்திரமானது. புகையிரத நிலையம் என்ற பெயர் அதற்கு இருந்தது, தண்டவாளம் இருக்கவில்லை. அங்கே சீட்டு வாங்கிப் படகிலே கால்வாயைக் கடந்து பிறை என்னும் இடத்தில் வண்டியேற வேண்டியிருந்தது. பிறையிலிருந்து தைப்பிங், ஈப்போ, கோலாலம்பூர், சிரம்பான் என இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டினுள் பாதை யொகூர் வரை நீண்டுவிட்டது. 1923இல் நீரிணைக்குக் குறுக்கேயமைந்த அணைப்பாதை வழியே சிங்கப்பூரும் இணைந்தது.

வசதிகளின் இப்பெருக்கத்தைக் கண்டு வியப்பதோடு நின்றுவிடலாகாது. பயணச் செலவு யாருடையது? நாகபட்டினத்திற் கப்பலேறிய தமிழ்நாட்டுத் தொழிலாளியின் பயணச் செலவு கங்காணியின் முற்பணத்திலிருந்தோ, 1907இல் தோட்டத் துரைமாரிடம் வரி அறவிட்டு அமைத்த குடியேற்ற நிதியிலிருந்தோ வந்தது. அவன் இறப்பர்த் தோட்டத்துக்கென அனுப்பப்பட்ட உழைப்புச் சரக்கு. பினாங்கை அடைந்ததும் ஜெரெஜாக் தீவின் தொற்றுத்தடை முகாம் அவனுக்காகக் காத்திருந்தது. யாழ்ப்பாண இளைஞனின் செலவோ உறவினரிடமிருந்து வந்தது: தாயின் நகை அடைவு, தோட்டக் காணியின் ஈடு, முன்னரே சென்ற அம்மானோ சித்தப்பாவோ அனுப்பிய பணம். இவனும் கடன்பட்டே சென்றான். ஆனால் கடன் குடும்பத்துக்குள்ளேயே நின்றது. இறங்கியதும் உறவினரது விடுதியில் தங்கலாம். வேலைக்குச் சொல்லிவைக்க ஆள் உண்டு. ஒரே மொழி பேசிய இருவர் ஒரே கடலைக் கடந்தும், கரையிறங்கியபோது இருவேறு வர்க்கத்தினராயினர்.

மலாயாவுக்குள் இவ்வேறுபாடு மேலும் இறுகியது. தண்டவாளத்துக்குக் கல் பரப்பியவனும் தமிழன். நிலைய அதிபராக வெள்ளை உடுப்புடன் நின்றவனும் தமிழன். மூன்றாம் வகுப்புச் சீட்டை வாங்குபவனும் சீட்டு அறையின் உள்ளே இருப்பவனும் ஒரே முருகனை வணங்கினர். எனினும் யாழ்ப்பாணத்தவர் தமக்கெனச் சங்கங்களையும் கோயில்களையும் அமைத்துக்கொண்டனர். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்சில், புகையிரதத் தொழிற்கூடங்களை அண்டிய குடியிருப்பில் எழுந்த கந்தசுவாமி கோவில் இதற்குச் சான்று. அதனைப் பக்தியின் வெளிப்பாடு என்று மட்டும் கொள்ளாது, இலிகித வர்க்கம் தன் எல்லையை வகுத்துக்கொண்ட முறையாகவுங் காணல் வேண்டும்.

இலக்கியச் சான்றும் இதனோடு ஒத்துவருகிறது. 1887இல், யாழ்ப்பாணத்து வண்ணைநகர்ச் சதாசிவ பண்டிதரின் வண்ணையந்தாதி, சிங்கைநகரந்தாதி முதலியன சிங்கப்பூரில் அச்சேறின. நீராவி கொண்டுசென்ற புலவர் அந்தாதியும் ஊஞ்சலும் சித்திரகவியுமே பாடினார். புதிய உற்பத்தி உலகின் ஊழியராகியும் பழைய நிலவுடைமைப் பண்பாட்டின் வடிவங்களை விடாது சுமந்து திரிந்த ஒரு சமூகப் பிரிவின் மனோநிலையை இவ்வடிவத் தெரிவு உணர்த்துகின்றது.

ஊரில் யாது நிகழ்ந்தது? மலாயாப் பணம் தொழில் முதலீடாக மாறவில்லை. அது காணியாக, நாற்சார் வீடாக, சீதனமாக, கோயில் திருப்பணியாக உறைந்தது. 'மலாயா மாப்பிள்ளை'யின் வரவால் சீதனத்தின் அளவுகோல் உயர்ந்தது. ஆங்கிலப் பாடசாலையே கப்பலுக்கு முதற் படிக்கட்டாக இருந்தமையால், அப்பாடசாலை வாயிலில் மறிக்கப்பட்டோர் துறைமுகத்தையும் காணவில்லை. 1920களின் இறுதியில், அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டும் என விதிக்கப்பட்டபோது எழுந்த வன்மையான எதிர்ப்பை இப்பின்னணியிலும் நோக்குதல் தகும். வாங்கில் இருப்பதற்கான உரிமை, உத்தியோகம் பெறுவதற்கான உரிமையுமாகும். மலாயாப் பெருமை பேசும் கிராம வரலாறுகள் தோட்டத்தில் நீரிறைத்தவனின் மகனைப் பற்றி மௌனஞ் சாதிப்பது தற்செயலன்று.

1930களின் பொருளாதார மந்தம் உத்தியோகத்தின் நிச்சயத்தைக் குலைத்தது; ஆட்குறைப்பு வந்தது. 1942இல் யப்பானியர் மலாயாவைக் கைப்பற்றியதும் கப்பலும் கடிதமும் உண்டியற் பணமும் ஒருசேர நின்றன. மலாயாவின் கிழக்குப் பாதையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளங்கள் சயாம்–பர்மா மரணப் பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அப்பாதையில் இறந்த ஆசியத் தொழிலாளருட் பெருந்தொகையினர் தோட்டத் தமிழர். யாழ்ப்பாணத்து நினைவுகளிற் சிரம்பான் நிலையமும் ஈப்போ நிலையமும் இடம்பெறும் அளவுக்கு அவர்கள் இடம்பெறவில்லை.

போருக்குப் பின் கப்பல்கள் மீண்டும் ஓடின; 1926இற் கட்டப்பட்ட 'ரஜுலா' 1973வரை சென்னை, நாகபட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியிற் பயணிகளை ஏற்றிச்சென்றது. இன்று நீர்வேலியிலிருந்து கோலாலம்பூர் செல்வோர் கட்டுநாயக்காவில் விமானமேறுகின்றனர். 1990இல் நின்ற யாழ்ப்பாணப் புகையிரதம் 2014இல் மீண்டது. ஆனால் 1905ஐச் சூழ்ந்த ஆண்டுகளில் முதன்முறையாகப் புறப்பட்டோரின் கணக்கு ஊர் வீடுகளின் பெட்டகங்களுக்குள்ளேயே கிடக்கிறது. காணி உறுதிகள், ஈட்டு முறிகள், அடைவுச் சீட்டுகள், மணியோடர்த் துண்டுகள் ஆகியவற்றை ஊர்தோறும் திரட்டுவது அவசரமான பணி. எந்தக் காணி யாரிடம் ஈடு வைக்கப்பட்டு எந்தக் கப்பற் சீட்டாக மாறியது, மீட்கப்பட்டபோது அதில் யார் கூலிக்கு உழுதனர் என்பவற்றை அவையே காட்டும்.