ஆறு சக்கரப் பந்தயக் கார்

சாலையில் செல்லும் லாரியைக் கவனித்திருப்பீர்கள். முன்னால் இரண்டு சக்கரங்கள், பின் அச்சின் இரு முனைகளிலும் இரட்டைச் சக்கரங்கள், ஆக ஆறு. சுமை மிகுதி, எனவே சக்கரங்களும் மிகுதி. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டுநர் ஒருவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றாத, ஒவ்வொரு கிலோகிராமையும் எண்ணி எண்ணிக் குறைத்துச் செய்கின்ற பந்தயக் காருக்கு ஆறு சக்கரங்கள் எதற்கு? அதுவும் முன்புறம் நான்கு, பின்புறம் இரண்டு என்று?

அப்படியொரு கார் உண்மையிலேயே இருந்தது. 1976, 1977 ஆகிய ஆண்டுகளில் ஃபார்முலா ஒன் பந்தயங்கள் முப்பதில் அது ஓடியது. டிரெல் பி-34 என்பது அதன் பெயர். ஒரு நல்ல கருத்து எவ்வாறு வெற்றி பெறுகிறது, பிறகு எவ்வாறு தோற்கிறது என்பதை இந்தக் காரைப் போலத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு அரிது.

மரக் கிடங்கில் பிறந்த கார்

கென் டிரெல் இங்கிலாந்தைச் சேர்ந்த மர வியாபாரி. சர்ரே மாவட்டத்தில் ஆக்கம் என்னும் ஊரில் இருந்த அவருடைய மரக் கிடங்கே அவரது பந்தய அணியின் பட்டறையாகவும் விளங்கியது. அந்த அணியில் ஓட்டிய ஜாக்கி ஸ்டுவர்ட் 1969, 1971, 1973 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையர் ஆனார். 1970 முதல் அந்த அணியின் கார்களை வடிவமைத்தவர் டெரெக் கார்ட்னர் என்னும் பொறியாளர்.

1970-களின் நடுவில் கார்ட்னருக்கு ஒரு சிக்கல் எழுந்தது. பெரும்பாலான அணிகள் ஒரே எஞ்சினைத்தான் வாங்கிப் பொருத்தின. காஸ்வொர்த் நிறுவனத்தின் 3 லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின் அது. அதன் திறன் ஏறத்தாழ 480 குதிரைத்திறன். எல்லோரிடமும் ஒரே எஞ்சின் என்றால் ஒருவர் மற்றவரை முந்துவது எப்படி? எஞ்சினில் கிடைக்காத ஆதாயத்தைக் காற்றிடமிருந்து பெறலாம் என்று கார்ட்னர் எண்ணினார்.

காற்றோடு ஒரு கணக்கு

நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். காற்றுத்தடை வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. அந்தத் தடையை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. உச்ச வேகத்தை 3 விழுக்காடு கூட்ட வேண்டுமானால் திறனை 9 விழுக்காட்டுக்கு மேல் கூட்ட வேண்டும். 480 குதிரைத்திறன் எஞ்சினில் இது சுமார் 45 குதிரைத்திறன் ஆகும். அவ்வளவு திறனை எஞ்சினிலிருந்து புதிதாகப் பெறுவது எளிதன்று.

பந்தயக் காரின் முன் சக்கரங்கள் உடற்கூட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்பவை. அவை காற்றைக் கலக்கித் தடையை உண்டாக்குகின்றன. அது மட்டுமன்று. சுழலும் சக்கரத்தின் மீது பாயும் காற்று முன்பகுதியை மேலே தூக்கவும் முயல்கிறது. முன் சக்கரத்துக்கு முன்னால் உள்ள உடற்பகுதியின் அகலம் 150 செ.மீ.-க்கு மிகக்கூடாது என்பது அன்றைய விதி. சக்கரங்களை அந்த முகப்புக்குப் பின்னால் மறைத்துவிட்டால் என்ன? வழக்கமான 13 அங்குலச் சக்கரங்கள் அதற்குள் மறையமாட்டா. 10 அங்குலச் சக்கரங்கள் மறையும். டயரோடு சேர்த்து அவற்றின் விட்டம் ஏறத்தாழ 16 அங்குலமே.

ஆனால் சிறிய சக்கரம் தரையைத் தொடும் பரப்பும் சிறிது. இழந்த பரப்பை ஈடு செய்ய வேண்டுமானால் இரண்டுக்குப் பதில் நான்கு சக்கரங்கள் வேண்டும். இவ்வாறுதான் ஆறு சக்கரக் கார் பிறந்தது.

பாடநூலும் ரப்பரும்

இங்கே மாணவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "உராய்வு விசை தொடுபரப்பைப் பொறுத்ததன்று என்றல்லவா பாடநூல் சொல்கிறது? அப்படியானால் நான்கு சக்கரம் எதற்கு?" நல்ல கேள்வி.

அந்த விதி மரக்கட்டைக்கும் இரும்புக்கும் ஏறத்தாழப் பொருந்தும். ரப்பருக்கு அப்படியே பொருந்தாது. ரப்பர் மென்மையானது; சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் புகுந்து படிவது. டயரின் மீது சுமையை இருமடங்காக்கினால் பிடிமானம் இருமடங்கு ஆவதில்லை; அதைவிடச் சற்றுக் குறைவாகவே உயர்கிறது. அதாவது அழுத்தம் கூடக்கூட உராய்வுக் குணகம் குறைகிறது. எனவே அதே சுமையை அதிகமான ரப்பரின் மீது பகிர்ந்தால் மொத்தப் பிடிமானம் மிகுகிறது. அகன்ற டயர்களின் இரகசியமும் இதுவே.

முன்புறம் நான்கு சக்கரங்கள் என்றால் பிரேக்குத் தட்டுகளும் நான்கு. பிரேக்கை அழுத்தும்போது காரின் சுமை முன்பக்கம் சாய்வதால் அங்கே பிடிமானம் மிகுந்திருப்பது பேருதவி. முன்னிரு இணைகளும் திருப்பத்தில் திரும்பக்கூடியவை. அந்தச் சிறு சக்கரங்கள் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாமல் போனதால் இருக்கையின் பக்கச் சுவர்களில் சிறு சன்னல்கள் வைத்தார்கள்!

1975 செப்டம்பரில் லண்டனில் இந்தக் காரைக் காட்சிக்கு வைத்தபோது வந்திருந்தவர்களில் பலர் இதனை வேடிக்கை என்றே நினைத்தார்கள்.

புறப்படும் கணம்

1976 மே மாதம் ஸ்பெயின் நாட்டின் ஹராமா களத்தில் பி-34 முதன்முறையாகப் பந்தயத்தில் இறங்கியது. பிரான்சு நாட்டவரான பாட்ரிக் தெபையே தகுதிச் சுற்றில் மூன்றாம் இடம் பெற்றார். எனினும் பந்தயத்தை முடிக்க இயலவில்லை. அதே மாதம் மொனாக்கோவில் தென்னாப்பிரிக்கரான ஜோடி ஷெக்டர் இரண்டாவதாகவும் தெபையே மூன்றாவதாகவும் வந்தார்கள். சிரித்தவர்கள் சிந்திக்கத் தொடங்கினார்கள்.

ஜூன் 13-ஆம் நாள் ஸ்வீடன் நாட்டின் ஆண்டர்ஸ்டார்ப் களம். நீண்டு வளையும் திருப்பங்கள் கொண்ட இக்களம் முன் சக்கரங்களின் பிடிமானத்தைச் சோதிப்பது. முதலிடத்திலிருந்து புறப்படும் உரிமையை ஷெக்டர் பெற்றிருந்தார். ஆனால் புறப்பட்டதும் முந்திக்கொண்டவர் லோட்டஸ் காரில் இருந்த மரியோ ஆண்ட்ரெட்டி.

ஆறு சக்கரம் இருந்தும் ஏன் பின்தங்கியது? புறப்படும்போது காரை உந்துபவை பின் சக்கரங்கள் இரண்டு மட்டுமே. முடுக்கத்தின்போது சுமை பின்பக்கம் சாய்கிறது. முன் சக்கரங்கள் நான்கானாலும் நாற்பதானாலும் பயனில்லை. ஓட்டுநரும் எரிபொருளும் சேர்ந்து கார் 800 கி.கி. என்று கொள்வோம். டயரின் பிடிமானம் புவியீர்ப்பு முடுக்கத்துக்கு நிகரான முடுக்கத்தைத் தாங்கும் என்றும் கொள்வோம். தேவையான விசை சுமார் 7,800 நியூட்டன். 480 குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 3,58,000 வாட். திறனை விசையால் வகுத்தால் வினாடிக்கு 46 மீட்டர், அதாவது மணிக்கு 165 கி.மீ. கிடைக்கும். அந்த வேகம் வரும் வரை எல்லை வகுப்பது எஞ்சின் அன்று, பின் டயர்களே. எஞ்சினை அளவுக்கு மேல் முடுக்கினால் சக்கரம் சுழன்று புகையும். தயங்கினால் மற்றவர் முந்துவர். ஓட்டுநரின் காலும் பொறுமையுமே அங்கு அளவுகோல்.

ஆண்ட்ரெட்டியின் பொறுமை சற்றுக் குறைந்துவிட்டது! சைகைக்கு முன்பே நகர்ந்ததற்காக அவருக்கு ஒரு நிமிடம் தண்டனை நேரம் சேர்க்கப்பட்டது. பின்னர் அவருடைய எஞ்சினும் பழுதடைந்தது. ஷெக்டர் முதலாவது, தெபையே இரண்டாவது. உலக வாகைப் பந்தயம் ஒன்றில் ஆறு சக்கரக் கார் வென்றது அந்த ஒரே நாளில்தான்.

அவ்வாண்டு பி-34 ஒரு முதலிடமும், எட்டு இரண்டாம் இடங்களும், ஒரு மூன்றாம் இடமும் பெற்றது. ஓட்டுநர் பட்டியலில் ஷெக்டர் மூன்றாமவர், தெபையே நான்காமவர்.

கருத்து எங்கே இடறியது?

முதலாவதாக, பின் சக்கரங்கள் பழையபடி பெரியனவாகவே இருந்தன. முன்னே தப்பிய காற்று பின்னே மோதியது. நேர்ப்பாதையில் எதிர்பார்த்த ஆதாயம் முழுவதும் கிட்டவில்லை.

இரண்டாவதாக, சிறிய சக்கரம் வேகமாகச் சுழல வேண்டும். மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் 20 அங்குல விட்டமுள்ள டயர் நிமிடத்துக்குச் சுமார் 2,800 முறை சுழன்றால், 16 அங்குல டயர் 3,500 முறை சுழலும். சின்னஞ்சிறு பிரேக்குத் தட்டுகளின் வெப்பத்தை வெளியேற்றுவதும் கடினம்.

மூன்றாவது காரணமே முதன்மையானது. 10 அங்குல டயரை குட்இயர் நிறுவனம் இந்த ஒரு அணிக்காக மட்டுமே செய்தது. மற்ற அணிகளுக்கான 13 அங்குல டயர்கள் மேன்மேலும் சீர்பட்டன. சிறிய டயர் பின்தங்கியது. பின் டயர் முன்னேற, முன் டயர் தேங்கியதால் காரின் சமநிலை கெட்டது. 1977-இல் பிடிமானம் வேண்டி முன் சக்கரங்களை அகலத் தள்ளி வைத்தார்கள். அவை முகப்புக்கு வெளியே வந்துவிட்டன! எதற்காக ஆறு சக்கரம் வைத்தார்களோ, அந்த நோக்கமே போயிற்று. கூடவே எடையும் ஏறியது.

ஷெக்டர் வேறு அணிக்குச் சென்றார். அவருக்குப் பதில் வந்தவர் ஸ்வீடன் நாட்டு வீரர் ரோனி பீட்டர்சன். 1977 முழுவதும் அணி பெற்றது ஓர் இரண்டாம் இடமும் மூன்று மூன்றாம் இடங்களும் மட்டுமே. கார்ட்னர் விலகினார். 1978-இல் டிரெல் அணி நான்கு சக்கரக் காருக்கே திரும்பியது. அதே ஆண்டு லோட்டஸ் அணியில் ஓட்டிய பீட்டர்சன், இத்தாலியின் மான்சா களத்தில் பந்தயம் புறப்பட்ட உடனே நேர்ந்த மோதலில் காயமுற்று, மறுநாள் இறந்தார். புறப்படும் கணம் எவ்வளவு கொடியது என்பதற்கு அது சான்று.

மார்ச், வில்லியம்ஸ் அணிகள் பின்புறம் நான்கு சக்கரங்கள் வைத்துச் சோதித்தன. அவை பந்தயத்துக்கு வரவில்லை. 1983 முதல் நான்கு சக்கரங்களே இருக்கவேண்டும் என்று விதி வகுக்கப்பட்டது.

தோல்வி என்பது எது?

கதை இத்துடன் முடியவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் ஏவான் நிறுவனம் 10 அங்குலத்தில் புதிய டயர்களைச் செய்து தந்தது. பழைய கார்களுக்கான பந்தயங்களில் பி-34 மீண்டும் ஓடியது, வெற்றிகளும் பெற்றது.

நண்பர்களே, ஆய்வகத்தில் ஒரு சோதனை தவறும்போது கருத்தைக் குறை கூறுவதற்கு முன் கருவியைப் பாருங்கள் என்று மாணவர்களுக்கு நாங்கள் சொல்வதுண்டு. கார்ட்னரின் இயற்பியலில் பெரும் பிழை இல்லை. அவர் வரைந்த கார் அவர் கையில் இருந்தது. அது நிற்கும் ரப்பர் வேறொருவர் கையில் இருந்தது. பொறியியலில் ஒரு கருத்து தனித்து வாழ்வதில்லை. அதனைத் தாங்கும் மற்றப் பொருள்களும் அதனோடு சேர்ந்து வளர வேண்டும்.