காட்டுயிர் ஒளிப்படக்கலை

கட்டுப்பாடின்றித் திரியும் பறவையையோ விலங்கையோ அதன் வாழிடத்திலேயே, அதன் போக்கைக் கெடுக்காமல் படமெடுப்பது காட்டுயிர் ஒளிப்படக்கலை. கூண்டில் அடைத்த விலங்கு, வளர்ப்பு விலங்கு, இரையைக் கட்டி வைத்து வரவழைத்த விலங்கு ஆகியவற்றின் படங்கள் எத்தனை அழகாக இருந்தாலும் இதில் சேர்வதில்லை. ஃபியாப் என்னும் உலக ஒளிப்படக் கூட்டமைப்பு, அமெரிக்க ஒளிப்படச் சங்கம், பிரிட்டனின் ராயல் ஃபோட்டோகிராஃபிக் சொசைட்டி ஆகிய மூன்றும் பொதுவாக ஏற்றுள்ள வரையறையும் இதையே சொல்கிறது. மனிதக் கைவேலை எதுவும் படத்தில் இருக்கக் கூடாது. கட்டடங்களை அண்டி வாழப் பழகிவிட்ட கூகை, நாரை போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. எடுத்த படத்தில் பின்னர் எதையும் சேர்க்கவோ அழிக்கவோ கூடாது.

இக்கலையின் வரலாறு பெரும்பாலும் தொலைவை வெல்லும் முயற்சியின் வரலாறு. ஒவ்வொரு காட்டுயிருக்கும் ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டி மனிதர் நெருங்கினால் அது ஓடும், பறக்கும், சில வேளை தாக்கும். கேமராவுக்கோ நெருக்கம் வேண்டும். மறைவிடம், இடறுகம்பி, நீண்ட லென்ஸ், இரை, ஒலிப்பதிவு என்று இந்த இடைவெளியைக் கடக்க எத்தனையோ வழிகள் வந்துவிட்டன. சிலவற்றில் உழைப்பும் காத்திருப்பும் படமெடுப்பவருடையவை. வேறு சிலவற்றில் இழப்பு முழுவதும் விலங்குக்கு. ஒரு படத்தை மதிப்பிடும்போது முதலில் கேட்க வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான்.

தொடக்கம்

பிரெஞ்சு உடலியலாளர் எத்தியேன் ஜூல் மாரே 1882இல் துப்பாக்கி வடிவக் கேமரா ஒன்றைச் செய்தார். தோளில் தாங்கிக் குறிபார்த்து விசையை இழுத்தால் சுழலும் ஒரே தகட்டில் நொடிக்கு 12 படங்கள் பதியும். பறவை சிறகை எப்படி மடக்கி விரிக்கிறது என்பதைக் கண்டறிவதே அவர் நோக்கம். கண்ணுக்குப் பிடிபடாத அசைவைப் பறவையின் மேல் கை வைக்காமலே ஆராய முடியும் என்பதை அக்கருவி காட்டியது.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் மலைப்பகுதியில் பிறந்த ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் சகோதரர்கள் 1892இல் லண்டனை அடுத்த என்ஃபீல்டில் பாடும் பூங்குருவி ஒன்றின் கூட்டையும் முட்டைகளையும் படமெடுத்தார்கள். 1895இல் வெளிவந்த அவர்களுடைய பிரிட்டிஷ் பறவைக் கூடுகள் பற்றிய நூல், முழுக்க ஒளிப்படங்களையே கொண்ட முதல் இயற்கை நூலாகக் கருதப்படுகிறது. முட்டைகளைத் திருடிப் பேழையில் அடுக்குவது அங்கே படித்தவர்களின் பொழுதுபோக்காக இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் முட்டையைக் கூட்டிலேயே விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்து வந்தவர்கள் என்பதே இவர்களுடைய பெருமை. பறவைகளை நெருங்க, பதப்படுத்திய எருதுத் தோலை உள்ளீடற்ற எருது உருவமாக அமைத்து, அதற்குள் கேமராவுடன் மணிக்கணக்கில் வளைந்து நின்றிருக்கிறார்கள்.

அமெரிக்காவில் ஜார்ஜ் ஷிராஸ் வேட்டையிலிருந்து கேமராவுக்கு வந்தவர். படகின் முனையில் தீச்சட்டி ஏற்றி, ஒளியில் திகைத்து நிற்கும் மானைச் சுடுவது ஒஜிப்வே பழங்குடியினரின் இரவு வேட்டை முறை. ஷிராஸ் அதே ஏரிகளில் அதே முறையில் சென்று, துப்பாக்கிக்குப் பதிலாக மக்னீசியத் தூளை வெடித்துப் படமெடுத்தார். விலங்கின் கால் பட்டதும் கேமராவை இயக்கும் இடறுகம்பியையும் அவர் பயன்படுத்தினார். 1906 ஜூலையில் நேஷனல் ஜியாகிரஃபிக் இதழ் அவருடைய 74 படங்களை ஒருசேர வெளியிட்டது.

இந்தியாவில்

ஷிராஸின் இடறுகம்பி இந்தியாவில் பெரும்பயன் தந்தது. அன்றைய ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன் வேட்டையை வெறுத்தவர். புலி நடக்கும் காட்டுத்தடங்களில் கம்பி கட்டி, இரவில் தானே நடந்துவரும் புலியைப் படமெடுத்தார். பரண் கட்டிச் சுடுவதற்குப் புலியின் பழக்கத்தை எந்த அளவு அறிய வேண்டுமோ அதைவிடக் கூடுதலாக இதற்கு அறிய வேண்டியிருந்தது. எந்தத் தடத்தில் எந்தப் பக்கம் முகம் வைத்து வரும் என்பது தெரியாவிட்டால் தகடு வீண். அவருடைய நூல் 1927இல் வந்தது. வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் கேமராவின் பக்கம் திரும்பியதில் சாம்பியனின் படங்களுக்குப் பங்குண்டு.

ஒவ்வொரு புலிக்கும் வரி வேறு என்பதையும், படத்தை வைத்தே ஆள் அடையாளம் சொல்ல முடியும் என்பதையும் சாம்பியன் கவனித்திருந்தார். பல பத்தாண்டுகள் கழித்துக் காட்டுயிர் ஆய்வாளர் உல்லாஸ் கரந்த் கர்நாடகத்தின் நாகரஹொளேயில் தானியங்கிக் கேமராக்களை வைத்து, வரிகளைக் கொண்டு புலிகளைக் கணக்கிடும் முறையை வகுத்து 1995இல் வெளியிட்டார். 2018ஆம் ஆண்டு நாடு தழுவிய கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் இத்தகைய கேமராக்கள் வைக்கப்பட்டு, 2,461 புலிகள் தனித்தனியே அடையாளம் காணப்பட்டன. கால் பட்டால் வெடிக்கும் மக்னீசியம் போய், உடல் வெப்பத்தை உணரும் அகச்சிவப்புக் கருவி வந்திருக்கிறது. புலி தானாக வரட்டும் என்று காத்திருக்கும் முறை மட்டும் மாறவில்லை.

தமிழ்நாட்டில் இக்கலைக்கு உரம் போட்டவர் மா. கிருஷ்ணன் (1912–1996). நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், திருநெல்வேலியில் பிறந்தவர். சில ஆண்டுகள் சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றிய பின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படத்தையும் நம்பியே வாழ்ந்தார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய அவருடைய இயற்கைப் பத்தி அவர் இறந்த நாள்வரை, 46 ஆண்டுகள் வந்தது. தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தலைப்பில் தொகுத்திருக்கிறார்.

கிருஷ்ணனின் கேமரா கடையில் வாங்கியது அன்று. வெவ்வேறு கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தானே கட்டியமைத்த பெரிய கருவி. அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் வைத்திருந்தார். கறுப்பு வெள்ளையில் மட்டுமே எடுத்தார். காட்டில் கால்நடையாகவும், பல வேளைகளில் கும்கி யானையின் முதுகிலிருந்தும் படமெடுத்தார். மேலே மனிதர் இருந்தாலும் காட்டு யானைகளும் காட்டுமாடுகளும் கும்கியைக் கண்டு அவ்வளவாகக் கலைவதில்லை. 1968இல் ஜவாஹர்லால் நேரு நல்கை பெற்றுத் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டிகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கையைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வெளியிட்டது. 1970இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அவருடைய படங்களில் விலங்கு சட்டத்தை நிறைத்துக்கொண்டு நிற்காது. சுற்றியிருக்கும் புல், மூங்கில், கூட்டத்தின் மற்ற விலங்குகள், அவை ஒன்றையொன்று பார்க்கும் விதம் எல்லாம் தெரியும். யானைக்கூட்டம் ஒன்றின் படத்தைப் பார்த்தால் எது மூத்த பெண், கன்று யாருடைய நிழலில் நிற்கிறது என்று சொல்லிவிடலாம். இன்றைய லென்ஸுகள் கண்ணிமை மயிரைக்கூட எண்ணித் தருகின்றன. ஆனால் அந்த விலங்கு எங்கே, எப்படி வாழ்கிறது என்று கேட்டால் பெரும்பாலான படங்களிடம் விடையில்லை. அந்த வகையில் கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளைப் படங்கள் இன்னும் முன்னே நிற்கின்றன.

சண்டூர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவரும் கர்நாடக நிதியமைச்சராக இருந்தவருமான எம். ஒய். கோர்படேயும் கறுப்பு வெள்ளையில் பேர்பெற்றவர். சிங்கப்பூர்த் திரைப்பட அதிபர் லோக் வான் தோ, பறவையியலாளர் சலீம் அலியுடன் இந்தியப் பயணங்களில் சேர்ந்து பறவைகளைப் படமெடுத்து, 1957இல் நூலாக்கினார்.

செய்முறை

பறவைப் படத்துக்கு 400 முதல் 600 மில்லிமீட்டர் வரையான லென்ஸ் வழக்கம். பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1,000இல் ஒரு பங்காவது வேண்டும். தேன்சிட்டு போன்று விரைந்து சிறகடிப்பவற்றுக்கு இன்னும் கூடுதல். நீண்ட லென்ஸில், அருகிலுள்ள சிறு பறவையை எடுக்கும்போது சில சென்டிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக விழும். ஆகவே கண்ணைக் குறிவைத்துக் குவிப்பார்கள். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கினாலும் படம் நிற்கும். இன்றைய கண்ணாடியற்ற கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே தேடிப் பிடிக்கின்றன, ஓசையின்றியும் இயங்குகின்றன. அந்த ஓசையில்லா ஷட்டரில் சில கருவிகள் படத்தை வரிவரியாகப் பதிவுசெய்வதால் வேகமாக அடிக்கும் சிறகு வளைந்து விழுவதும் உண்டு.

வெளிச்சத்தை அளக்கும்போது கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கருஞ்சேற்றில் நிற்கும் கொக்கை அதன் போக்கில் எடுத்தால் இறகு விவரம் எல்லாம் வெளுத்துப் போகும். வெளிர் வானத்தின் எதிரே மின்கம்பியில் அமர்ந்த கரிச்சான் வெறும் கருநிழலாகும். முதலாவதற்கு ஒளியைக் குறைத்தும் இரண்டாவதற்குக் கூட்டியும் வைப்பது பழக்கத்தில் வரும் அறிவு. கோடியக்கரையின் உப்பளங்களிலும் சேற்றுவெளிகளிலும் வெயில் ஏறியபின் கானல் அலையும். எந்த லென்ஸும் அதை ஊடுருவாது. விடிந்த முதல் இரண்டு மணி நேரமே அங்கே பூநாரைக்கு உரிய நேரம்.

கருவியைவிடப் பறவையின் பழக்கத்தை அறிந்தவர்க்கே படம் கிடைக்கிறது. பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும். காற்று நம் முதுகில் பட நின்றால் அவை நம்மை நோக்கி வந்து இறங்கும். பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்துக்கொண்டு புறப்பட்ட கிளைக்கே திரும்பும். எழும்பப் போகிற பருந்து பெரும்பாலும் முன்னதாக எச்சமிடும். மேய்ந்துகொண்டிருந்த உள்ளான் தலையை நிமிர்த்தி அசையாமல் நின்றால், நாம் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். நேராக நடந்து போவதைவிடத் தாழ்ந்து, பக்கவாட்டில், நின்று நின்று போவதைப் பறவை பொறுத்துக்கொள்ளும். வண்டிக்குள் இருப்பவரையும் பொறுக்கும். அதே இடத்தில் கதவைத் திறந்து இறங்கினால் பறந்துவிடும்.

இந்த எல்லை இடத்துக்கு இடம் மாறும். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் வீடுகளை ஒட்டிய மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. ஊர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைத் தொல்லைப்படுத்தாமல் காத்ததால்தான் தெருவில் நிற்பவருக்கு அந்த நெருக்கம் வாய்க்கிறது. வெளியூரிலிருந்து கேமராவுடன் போகிறவர் அனுபவிப்பது அவ்வூரார் சேர்த்துவைத்த நம்பிக்கையை.

கூடு, குரல், இரை

நீண்ட லென்ஸ்கள் பரவாத காலத்தில் பறவைப் படம் என்றால் பெரும்பாலும் கூட்டுப் படம்தான். பறவை தவறாமல் திரும்பி வரும் இடம் அது ஒன்றே. பிரிட்டனின் எரிக் ஹாஸ்கிங் போன்றவர்கள் துணி மறைவிடத்தைப் பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கூட்டை நெருங்குவார்கள். மறைவிடத்துக்கு இருவராகப் போய் ஒருவர் மட்டும் திரும்புவார். ஆள் போய்விட்டதென்று பறவை கூட்டுக்கு வரும். 1937இல் ஆந்தைக் கூட்டருகே தாய் ஆந்தை தாக்கி ஹாஸ்கிங் ஒரு கண்ணை இழந்தார். அவர் பறவையைக் குறை சொல்லவில்லை, தொழிலையும் விடவில்லை.

கூட்டுப் படத்தின் கேடு, படம் தெளிவாக விழுவதற்காகச் சுற்றியுள்ள இலைகளை ஒடிப்பதில் தொடங்குகிறது. நம் கோடைவெயிலில் நிழல் போன கூட்டில் குஞ்சு நெடுநேரம் தாங்காது. இலையை ஒடிப்பது காக்கைக்கும் அண்டங்காக்கைக்கும் வழி திறந்தும் விடுகிறது. ஆள் நடமாட்டத்தால் தாய் நெடுநேரம் விலகியிருந்தால் முட்டை கெடும். இயற்கை இதழ்கள், போட்டிகள் பலவும் இன்று கூட்டுப் படங்களை ஒதுக்குவதற்கு இதுவே காரணம். வேடந்தாங்கலில் கரையில் நின்று ஏரிக்குள்ளிருக்கும் மரங்களைப் படமெடுப்பதும், புதரை விலக்கிக் கொண்டைக்குருவிக் கூட்டுக்குள் கேமராவை நுழைப்பதும் ஒன்றல்ல.

பதிவுசெய்த குரலைச் செல்பேசியில் ஒலித்துப் பறவையை வரவழைப்பது இன்று பரவலாகிவிட்டது. எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதென்று எண்ணி ஆண்பறவை இரைதேடலையும் இணையையும் விட்டுவிட்டு ஓடிவரும். ஒருவர் ஒருமுறை செய்தால் பறவை அதைத் தாங்கிக்கொள்ளலாம். பெயர்பெற்ற ஓர் இடத்தில் இனப்பெருக்கக் காலம் முழுவதும் நாளுக்குப் பலர் செய்தால் அந்தப் பறவை இல்லாத எதிரியோடு போராடியே ஓயும். உயிருள்ள எலியைக் கட்டி ஆந்தையை இறக்குவதும், வால்பாறைச் சாலையோரம் பழம் நீட்டிச் சோலைமந்தியை அழைப்பதும் அதைவிடக் கொடியவை. சாலைக்குப் பழகிய சோலைமந்தி வண்டிச் சக்கரத்தில் முடிகிறது. குளிர்காலத்தில் வடகோடியிலிருந்து வரும் உள்ளான்களை, பறக்கும் படம் வேண்டும் என்பதற்காக ஓடிக் கலைப்பதும் இதே வரிசையில் சேரும். திரும்பும் பயணத்துக்கான கொழுப்பை அவை இந்தச் சேற்றில்தான் சேர்த்தாக வேண்டும்.

சட்டமும் சான்றும்

1972ஆம் ஆண்டு இந்தியக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், புகலிடங்களுக்குள் படமெடுக்க நுழைவதற்கான அனுமதியைத் தலைமை காட்டுயிர்க் காப்பாளரிடம் வைத்திருக்கிறது. அச்சட்டத்தில் படமெடுப்பவர் யாவரும் படிக்க வேண்டிய பகுதி வேட்டை என்பதற்கான வரையறை. கொல்வதும் பிடிப்பதும் மட்டும் அதில் இல்லை. இரை வைப்பது, விரட்டுவது, பறவைகளின் அல்லது ஊர்வனவற்றின் முட்டைகளையோ கூடுகளையோ தொல்லைப்படுத்துவது ஆகியவையும் வேட்டையாகவே கொள்ளப்படுகின்றன. துப்பாக்கிக்கு மாற்றாகப் பிறந்த கலை, கைதவறினால் சட்டத்தின் கண்ணில் மறுபடி வேட்டையாகிவிடுகிறது.

படத்தின் உண்மையைச் சோதிக்கும் முறைகளும் இறுகியுள்ளன. 1965 முதல் பிரிட்டனில் நடந்துவரும் ‘ஆண்டின் காட்டுயிர் ஒளிப்படக்காரர்’ போட்டியில் 2009இல் வென்ற ஓநாய் பழக்கப்பட்ட வளர்ப்பு விலங்கு என்று நடுவர்கள் முடிவுசெய்து பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017இல் பரிசுபெற்ற எறும்புத்தின்னிப் படமும், அது பஞ்சடைத்த உருவம் என்ற முடிவால் நீக்கப்பட்டது. இப்போது பெரிய போட்டிகள் கேமராவிலிருந்து வந்த மூலக்கோப்பையே கேட்டு வாங்குகின்றன. அக்கோப்பில் இடத்தின் ஆயத்தொலைவுகளும் பதிந்திருக்கக்கூடும் என்பதால், ஆந்தையோ அரிய பறவையோ கூடுகட்டும் இடத்தின் படத்தைப் பொதுவில் வைக்குமுன் அந்தத் தகவலை நீக்குவதும், ஊர்ப்பெயரைச் சொல்லாமல் மாவட்டப் பெயரோடு நிறுத்துவதும் பொறுப்பான ஒளிப்படக்காரர்களின் வழக்கமாகி வருகிறது.