ராசாவுக்கு ஒரு கல்

எங்கள் வீட்டு நாய் செத்துப்போனதைப் பற்றி எழுதப் போகிறேன். தலித் பத்திரிகையில் எழுத வேறு விஷயமே கிடைக்கவில்லையா என்று தோழர்கள் கேட்கலாம். வெட்டுப்பட்டுச் செத்தவர்களைப் பற்றியும் கொளுத்தப்பட்ட குடிசைகளைப் பற்றியும் எழுதியே தீரவில்லை, இதில் இவன் நாய்க்கு எழவு கொண்டாட வந்துட்டான் என்று நினைக்கலாம். நானும் அப்படி நினைத்துத்தான் இத்தனை வருஷம் எழுதாமல் இருந்தேன். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையில், உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் சேரி. அப்பா குவாரியில் கல் உடைத்தார். குவாரி வேலை இல்லாத நாட்களில் மிராசு வீட்டுக்குப் படியாள். மிராசு ஒழிந்து எவ்வளவோ காலம் ஆகியும் அந்த வீட்டுக்கு எங்கள் சனங்கள் வாயில் அதுதான் பேர். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவாள். என்னையும் தங்கச்சியையும் பார்த்துக்கொண்டது ஆயா. அந்த ஆயாதான் ஒருநாள் ஏரிக்கரையில் கிடந்த நாய்க்குட்டியை மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். செம்பட்டை நிறம். ஒரு காது மடங்கியே இருக்கும். ராசா என்று பெயர் வைத்தாள்.

அந்தப் பெயரை வீட்டுக்குள்தான் சொல்லலாம். மிராசு வீட்டுப் பையனுக்கு அதே பெயர். சேரி நாயை அந்தப் பெயர் சொல்லி ஊர்த்தெருப் பக்கம் கூப்பிட்டால் என்ன நடக்கும் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அதனால் வயல்வெளியில் 'ச்சூ, ச்சூ' என்றுதான் கூப்பிடுவோம். அதுவும் புரிந்துகொண்டு வரும். ஒரு நாய்க்கு இரண்டு பெயர். வீட்டுக்குள் ஒன்று, வெளியில் ஒன்று. எங்கள் ஆட்கள் பலருக்கும் அப்படித்தானே இருந்தது.

ராசா எங்கள் வீட்டில் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். விடிவதற்கு முன்னால் பொம்பளைகள் வெளிக்குப் போகும்போது கூடவே போகும். சற்றுத் தள்ளி, அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ராசா இருந்த ஏழு வருஷமும் சேரிப் பொம்பளைகள் பயமில்லாமல் போய் வந்தார்கள். எந்த அரசாங்கமும் எங்கள் பொம்பளைகளுக்குச் செய்யாத காவலை அது செய்தது.

1979-இல் செத்தது. நாய்கள் துணை தேடி அலைகிற மாசம். ஊர்த்தெருப் பக்கம் போயிருக்கிறது. வயலுக்கு அடிக்கிற மருந்தைக் கருவாட்டுத் தலையில் தடவி யாரோ போட்டிருக்கிறார்கள். வாயில் நுரை தள்ளிக்கொண்டு எப்படியோ வீட்டு வாசல் வரைக்கும் வந்து விழுந்தது. ஆயா புளியைக் கரைத்து வாயில் ஊற்றிப் பார்த்தாள். தாங்கவில்லை. யார் வைத்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த கேள்வி, உன் நாய் ஏன் அங்க வந்துச்சு என்பதாக இருக்கும்.

தீண்டாமை பற்றிய கள ஆய்வுகளில் தென் மாவட்டங்களின் சில ஊர்களைப் பற்றி ஒரு செய்தி வரும். அங்கே தலித்துகள் ஆண் நாய் வளர்க்கக் கூடாதாம். நாயின் கலப்பைக்கூடச் சாதி சகித்துக்கொள்ளவில்லை. பிற்பாடு அதைப் படித்தபோது எனக்கு ராசாவின் வாய் நுரைதான் கண்முன் வந்தது. எங்கள் ஊரில் சட்டம் போட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அம்மா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். "என் ராசாவே, என் காவலே" என்று ஒப்பாரி வைத்தாள். எங்கள் பக்கம் செத்த பிள்ளையை, செத்த புருஷனை, யாரை வைத்து அழுதாலும் ராசாவே என்றுதான் அழுவார்கள். வரப்பில் போய்க்கொண்டிருந்த மிராசு வீட்டுப் பெரியவர் நின்றார்.

"இன்னாடா, யாரு செத்தது?"

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "யாரும் இல்லீங்க ஆண்டே. நாய்தாங்க."

"நாய்க்காடா இந்தக் கத்து கத்துறா? நான் உம் புள்ளதான் பூட்டானோன்னு நெனச்சேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். "எங்கனா பொறம்போக்குல இட்டும்போய் போடு. இங்க குழி கிழி தோண்டி வெக்காதீங்க. இன்னிக்கி நாயப் பொதைப்பீங்க, நாளைக்கி எடம் எங்களுதும்பீங்க."

பத்து வயசில் எனக்கு அந்தப் பேச்சு புரியவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் வரலாற்றைப் படித்த பிறகுதான் புரிந்தது. 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலையைப் பற்றி அரசாங்கத்துக்கு ஓர் அறிக்கை எழுதினார். அதில் அவர் எடுத்துக் காட்டியவற்றில் ஒன்று, குடியிருக்கும் குடிசைக்கு அடியில் உள்ள மண்கூட அவர்களுடையது இல்லை என்பது. சேரி மனைக்கும் மிராசுதார்கள் உரிமை கொண்டாடினார்கள். கூலி அதிகம் கேட்டாலோ, வேறு வேலைக்குப் போனாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லிவிடலாம். அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1892-இல் வந்த அரசாணையிலிருந்து வளர்ந்ததுதான் பஞ்சமி நிலம் என்று நாம் இன்று சொல்வது. அந்த நிலத்திலும் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. அதை மீட்கக் காரணையில் எழுந்த போராட்டத்தில் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டு ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்தார்கள். நாய்க்குழியைக்கூடப் பட்டாவுக்கு அச்சாரமாகப் பார்க்கிற கண் மிராசு வீட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்த வரலாறுதான் பதில். புதைத்தவனுக்கு அந்த மண்ணில் பாத்தியதை வந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அன்று ராத்திரி சேரி அடங்கிய பிறகு, அப்பா குடிசையின் எறவாணத்துக்குக் கீழேயே சத்தமில்லாமல் குழி தோண்டினார். ஆயா தன்னுடைய பழைய சேலையைக் கிழித்துச் சுற்றினாள். மறுநாள் அப்பா குவாரியிலிருந்து ஒரு பலகைக் கல்லைத் தலையில் சுமந்துகொண்டு வந்து அதன்மேல் போட்டார். கேட்டவர்களிடம், "துணி தொவைக்கத்தான்" என்றார். அந்தக் கல்லில் அம்மா ஒருநாளும் துணி துவைத்ததில்லை.

சாவு வந்தால் நமக்கு முறைகள் இருக்கின்றன. பறை அடிப்பார்கள், பங்காளி வருவான், மூன்றாம் நாள் பால், பதினாறாம் நாள் கருமாதி. அழுகிறவர்களை நாலு பேர் கட்டிப்பிடித்து அழுது துக்கத்தை வெளியே கொண்டுவந்துவிடுவார்கள். நாய் செத்தால் ஒன்றும் கிடையாது. மறுநாள் காலையில் நடவுக்குப் போக வேண்டும். அம்மாவின் துக்கம் ஒரே நாளில், அதுவும் பாதியில் அடைபட்டுப் போனது. தங்கச்சி நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆயா மட்டும் கஞ்சி ஊற்றும்போது பழக்கத்தில் ஒரு கை சோற்றை ஒதுக்கி வைப்பாள். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். கடைசியில் காக்காய்க்கு வைப்பாள். விடியற்காலையில் பொம்பளைகள் பழையபடி நாலைந்து பேராகச் சேர்ந்து போக ஆரம்பித்தார்கள்.

எனக்குத் துக்கத்தைவிட அப்பாவின் சிரிப்புதான் அதிகமாக வலித்தது. அவர் ஏன் சிரித்தார் என்று ரொம்ப நாள் அவர்மேல் கோபமாக இருந்தேன். சில வாரம் கழித்து அவர் என்னைக் கல் லாரியில் மாமல்லபுரம் கூட்டிப் போனார். சிற்பக்கூடத்தில் கல்லை இறக்கிவிட்டு, அர்ச்சுனன் தபசுப் பாறையைக் காட்டினார். யானை, மான், சிங்கம், எலிகளுக்கு நடுவில் ஒற்றைக்காலில் தவம் பண்ணுகிற பூனை, பக்கத்தில் தனிக்கல்லில் பேன் பார்க்கிற குரங்கு எல்லாம் இருந்தது. நான் நாயைத் தேடினேன். கண்ணில் படவில்லை. "நாய் எங்கப்பா?" என்றேன். அப்பா ரொம்ப நேரம் பாறையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "செதுக்குனவன் வூட்ல நாய் இல்ல போலக் கீது" என்றார். அப்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். என் கோபம் அன்றைக்குத்தான் குறைந்தது.

'நாய்தாங்க' என்று ஒருத்தன் தன் வீட்டு நாயைச் சொல்லும்போது, அந்த வார்த்தையில் அவனும் இருக்கிறான். மனுதர்மம் சண்டாளர்களை ஊருக்கு வெளியே வைத்து, நாயும் கழுதையும்தான் அவர்கள் சொத்து என்றது. நாயைச் சமைப்பவன் என்றே ஒரு கூட்டத்துக்குப் பெயரும் வைத்தது. வெள்ளைக்காரன் வந்து தெருநாய்க்குப் 'பரையா டாக்' என்று பெயர் வைத்தான். 1886-இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் ஏறிய அந்த வார்த்தை இன்றைக்கும் ஆங்கில அகராதிகளில் இருக்கிறது. நம் சாதிப் பெயரை நாய்க்கு வைத்தார்கள், நாயின் பெயரை நமக்கு வசவாக வைத்தார்கள். இதே செங்கல்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தார். வசவைப் பிடுங்கித் தலைப்பாக்கிக் கொண்டார். 1931 ஆகஸ்டில் பம்பாயில் காந்தியைச் சந்தித்த அம்பேத்கர், நாய் பூனையைவிடக் கேவலமாக நடத்துகிற நாட்டை எப்படி என் தாய்நாடு என்பேன் என்று கேட்டார். 1927-இல் மகாத் குளத்தில் நடந்த போராட்டமும் அதுதான். ஆடுமாடு குடிக்கிற தண்ணீரை மனுஷன் தொடக்கூடாது என்றதற்கு எதிரானது.

இதனால் நமக்கு ஒரு சங்கடம் வந்துவிட்டது. நாங்கள் நாய் இல்லை, மனுஷன் என்று சொல்லிப் போராட வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லிச் சொல்லி, வீட்டு நாய்க்காக அழுவதே நமக்கு வெட்கமாகிவிட்டது. பாரதக் கதையில் தருமன், கூட வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்கிறான். அந்த நாயே தருமதேவதை என்று முடிகிறது. அவன் நாயோடு நின்றால் தருமம், எங்கள் ஆயா நாயோடு நின்றால் கேவலம்.

ஆனால் கல் வேறு கதை சொல்கிறது. செங்கம் பக்கத்தில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் தொடக்கம். மாமல்லபுரத்துக்குப் பெயர் கொடுத்த மாமல்லன் நரசிம்மவர்மனின் அப்பன்தான் இந்த மகேந்திரன். எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அவனோடு ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அதன் பெயர் கோவிவன் என்றும், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது என்றும் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லின் படத்தை முதலில் புத்தகத்தில் பார்த்த அன்று நான் தூங்கவில்லை. எருமை மேய்க்கிறவன், அவனுக்கு ஒரு நாய், அந்த நாய்க்கு ஒரு பெயர். மாமல்லபுரத்துப் பாறையில் நான் தேடியது அங்கே இருந்தது.

இன்னொரு கல் கர்நாடகத்து ஆதகூரில் எடுக்கப்பட்டது. 949-இல் நம் அரக்கோணத்துக்குப் பக்கத்துத் தக்கோலத்தில் சோழர்களுக்கும் ராஷ்டிரகூடர்களுக்கும் நடந்த பெரிய சண்டையில் சோழ இளவரசன் ராஜாதித்தன் செத்தான். ராஷ்டிரகூடர் பக்கம் நின்று ஜெயித்த கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனிடம் என்ன வேண்டும் கேள் என்றான். அவன் கேட்டது காளி என்ற வேட்டைநாயை. அந்த நாய் ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு சண்டையிட்டது. இரண்டும் செத்தன. நாய்க்குக் கல் நட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை செய்ய நிலமும் விட்டார்கள்.

பத்தாம் நூற்றாண்டில் ஒரு நாயின் கல்லுக்கு நிலம் கிடைத்திருக்கிறது. 1891-இல் செங்கல்பட்டுச் சேரிக்காரனுக்குக் குடிசைக்கு அடியில் உள்ள மண் சொந்தமில்லை. 1979-இல் என் அப்பா தன் நாயைத் திருட்டுத்தனமாகப் புதைத்தார். இதை ராஜாக்களைப் புகழ்வதற்காகச் சொல்லவில்லை. அவர்கள் நாய்க்கு அழுதபோது யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் சொல்கிறேன். செத்த உயிரின் பெயரைச் சொல்லி அழவும், அதைப் புதைக்கவும், மேலே கல் வைக்கவும் ஒருத்தனுக்கு உரிமை இருக்க வேண்டும். அது இல்லாதவனுக்குத் துக்கமும் முழுசாகக் கிடைப்பதில்லை. கல்வெட்டு படிக்கத் தெரியாத என் அப்பா, கல் உடைத்துப் பிழைத்தவர், அந்த உரிமையை ராத்திரியில் எடுத்துக்கொண்டார். அவர் வைத்ததும் நடுகல்தான். எழுத்து இல்லை, அவ்வளவுதான். அந்த எழுத்தை நான் இங்கே எழுதுகிறேன். ராசா என்னும் நாய் ஏழு வருஷம் சேரிப் பொம்பளைகளைக் காத்து நின்றது.

ஆயாவும் அப்பாவும் போய்விட்டார்கள். குடிசை இருந்த இடத்துக்குப் பிற்பாடு பட்டா கிடைத்தது. சமீபத்தில் பழைய வீட்டை இடித்துக் கட்டினோம். மேஸ்திரி அந்தப் பலகைக் கல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நல்ல கல்லு கீதும்மா, அடித்தளத்துல போட்டுடலாமா?" என்றார்.

"வாணாம்ப்பா" என்றாள் அம்மா. "அது ராசா."

"யாரும்மா ராசா?"

"எங்க நாய்."

அக்கம்பக்கம் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா சத்தமாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. வீட்டு வாசலில் அந்தக் கல் அப்படியே இருக்கிறது.